குன்னூர் எஸ்டேட் பாதையில் பழகியவர்கள் மோவாப் பாலைவனத்தில் குடும்பத்தோடு சைக்கிள் ஓட்டலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குன்னூரில் இருக்கிறீர்கள். ஆறு வருடமாகத் தேயிலைத் தோட்டத்து மண் ரோடுகளில் எம்டிபி, அதாவது மலை சைக்கிள், ஓட்டுகிறீர்கள். உங்கள் மனைவிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் கரடுமுரடான பாதை பழக்கமில்லை. மகனுக்கு 12 வயது, பயம் என்பதே கிடையாது. வரும் அக்டோபரில் அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள், அப்படியே யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊரில் ஐந்து நாள் தங்க நினைக்கிறீர்கள். அங்கே எல்லாரும் ஓட்டக்கூடிய பாதை இருக்கிறதா, இல்லை வீடியோவில் வருவது மாதிரி கைதேர்ந்தவர்களுக்கு மட்டும்தானா என்பது கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் இருவரையும் விடுதியில் விட்டுவிட்டு நான் மட்டும் போனால்தான் நல்ல இடங்களைப் பார்க்க முடியுமா என்பதுதான் அது.

முடியும், மூன்று பேரும் சேர்ந்தே பார்க்க முடியும். நான் கோத்தகிரிக்காரன். பதினெட்டு வருடமாக இங்கே பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டச் சொல்லித் தருகிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். என் தங்கை சால்ட் லேக் சிட்டியில் இருப்பதால் மோவாபுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஒருமுறை தங்கையையும் அவள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பயணத்தில்தான் எனக்குப் புரிந்தது: அங்கே கண்ணை விட்டு அகலாத இடங்களில் சில, மிகச் சுலபமான பாதைகளின் ஓரத்திலேயே இருக்கின்றன. அதனால் முதல் மூன்று நாளுக்கான பாதையை உங்கள் மனைவியின் பழக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். உங்களுக்கான காலைப் பொழுதுகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பாலைவனம் என்றதும் ராஜஸ்தான் மணல்மேடு நினைவுக்கு வரும். மோவாப் அப்படியில்லை. அது சிவப்புப் பாறைப் பாலைவனம். ஊர் கொலராடோ ஆற்றங்கரையில், கடல்மட்டத்திலிருந்து 1,230 மீட்டர் அளவில் இருக்கிறது, குன்னூரை விட 600 மீட்டர் தாழ்வு. ஆகவே மூச்சு வாங்குமோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். மழை ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். நம் பக்கம் ஐப்பசியில் ஒரு வாரம் அடித்துப் பெய்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நீங்கள் வீடியோவில் பார்த்த வழவழப்பான குன்றுகள் நவாஹோ மணற்பாறை. ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை. இந்த ஊரில் இவ்வளவு பாதைகள் வந்ததற்கு ஒரு காரணம் யுரேனியம். 1952இல் சார்லஸ் ஸ்டீன் என்பவர் அங்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்தார். அதன் பின்னால் வந்தவர்கள் கனிமம் தேடி மலை மலையாக ஜீப் ரோடு வெட்டினார்கள். சுரங்கங்கள் ஓய்ந்தபின் மிஞ்சிய அந்த ரோடுகளில் பலவற்றில்தான் இன்று சைக்கிள் ஓடுகிறது. நம் எஸ்டேட் ரோடுகள் மாதிரியே, வேறு வேலைக்காகப் போட்ட வழிகள்.

பாதையின் தரத்தை அங்கே நிறத்தால் குறிப்பார்கள். பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைர வடிவம் கடினம், இரட்டைக் கறுப்பு மிகக் கடினம். இந்தக் குறி முக்கியமாகப் பாதையில் என்ன தடங்கல் இருக்கிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு செங்குத்து என்பதைச் சொல்கிறது. வெயிலையோ தூரத்தையோ நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்பதையோ அது சொல்லாது. தண்ணீர் தீர்ந்துபோன பச்சைப் பாதை கறுப்புப் பாதையை விட மோசம். இன்னொன்று, மோவாபின் நீலம் நம் பக்கத்து ஆட்கள் எதிர்பார்ப்பதை விடக் கொஞ்சம் கறுப்பாகவே இருக்கும். முழங்கால் உயரப் பாறைப் படியை அவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் நாள் ஊருக்கு வடக்கே 191ஆம் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் மோவாப் பிராண்ட்ஸ் பாதைகளுக்குப் போங்கள். பழைய மாட்டுப் பண்ணைகளின் சூட்டுக்குறி மாதிரி பாதைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார் எம், சர்க்கிள் ஓ, ராக்கின் ஏ, பார் பி என்று நான்கையும் சேர்த்தால் ஊர்ப் பெயரே வந்துவிடும். அங்கேயே இருக்கும் லேஸி, ஈஸி, ரஸ்டி ஸ்பர் ஆகிய மூன்றும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கானவை. பார் எம் சுற்று ஏறக்குறைய 13 கிலோமீட்டர், அகலமானது. உங்கள் மனைவி ஒரு மணி நேரம் லேஸியில் ஓட்டிவிட்டு இதற்குள் வரலாம். சர்க்கிள் ஓ பாறை மேலேயே போகும் பாதை, அதை மகனும் நீங்களும் பிறகு ஒரு நாள் பாருங்கள். ஊரிலிருந்து இந்த இடம் வரைக்கும் தார் போட்ட சைக்கிள் பாதை தனியாகவே இருக்கிறது. காரை எடுக்காமலே போய் வரலாம்.

இரண்டாம் நாளுக்கு டெட் ஹார்ஸ் பாயின்ட். ஐந்து நாளில் ஒன்றுதான் முடியும் என்றாலும் இதைத்தான் சொல்வேன். மாநிலப் பூங்கா, நுழைவுக் கட்டணம் உண்டு. உயரம் 1,800 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட உங்கள் வீட்டு உயரம். குன்னூர் டால்பின் நோஸ் காட்சி முனையில் நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதே உயரத்தில் ஒரு மரம்கூட இல்லாத பள்ளத்தாக்கு விரியும்போது என்ன ஆகும் என்று சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. 600 மீட்டர் கீழே கொலராடோ ஆறு கொண்டை ஊசி வளைவு மாதிரி மடங்கித் திரும்புகிறது. அங்கே இன்ட்ரெபிட் என்ற பாதைத் தொகுப்பு இருக்கிறது. சின்னச் சுற்று இரண்டு கிலோமீட்டர்கூட வராது, அடுத்தது ஏழு கிலோமீட்டர் போல. எல்லாவற்றையும் சேர்த்தால் 26 கிலோமீட்டர் அளவு. என் தங்கை கல்லூரிக்குப் பிறகு சைக்கிளையே தொட்டதில்லை. அந்தச் சின்னச் சுற்றை முடித்துவிட்டு, பாறைமேல் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே எழுந்து, "அண்ணா, அடுத்த சுற்றும் போலாம்" என்றாள். பாதை விளிம்புக்கு அருகே போனாலும், விளிம்பின் மேலேயே போவதில்லை. காட்சி முனைகளில் மட்டும் மகனை சைக்கிளை விட்டு இறங்கி நடக்கச் சொல்லுங்கள். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் கிளாண்டைக் பிளஃப்ஸ் பக்கம் போகலாம். நடுத்தரப் பாதைகள். அங்கே பாறையில் டைனோசர்களின் காலடித் தடம் பதிந்திருக்கிறது, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதை விட வேறென்ன வேண்டும்? உங்கள் மனைவி சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அதில் தவறே இல்லை. தள்ளிக்கொண்டு போகும் ஆட்களை எல்லாப் பாதையிலும் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்களுக்கு? ஸ்லிக்ராக் பாதையைத்தான் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 1969இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் போட்டது. 16 கிலோமீட்டர் போல வரும் சுற்று, பாறைமேல் வெள்ளைக் கோடு தீட்டி வழி காட்டியிருப்பார்கள். அந்தப் பெயருக்கு வழுக்குப் பாறை என்று பொருள். லாடம் அடித்த குதிரைகள் அதில் வழுக்கி விழுந்ததால் வந்த பெயர் என்பார்கள். ரப்பர் டயருக்கோ அது உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். நம் பக்கத்துக் கரும்பாறை, பாசி பிடித்து, பனியில் நனைந்து, எப்போது காலை வாரும் என்று தெரியாது. அந்தப் பயம் நம் கைவிரலில் ஊறியிருக்கும். அங்கே போய் முதல் செங்குத்தில் நிற்கும்போது "இதில் எப்படி டயர் நிற்கும்" என்றுதான் தோன்றும். நிற்கும், நம்பி மிதியுங்கள். ஏற்றத்தில் பாதியில் சந்தேகப்பட்டு மிதிப்பதை நிறுத்துகிறவர்கள்தான் விழுகிறார்கள். அங்கே பழகுவதற்கென்று மூன்றரை கிலோமீட்டர் அளவில் ஒரு சின்னச் சுற்றும் இருக்கிறது. பெயரைப் பார்த்து அது சுலபம் என்று மனைவியையும் மகனையும் கூட்டிப் போய்விடாதீர்கள். நீளம்தான் குறைவு, கடினம் பெரிய சுற்றின் அதே கடினம். நீங்கள் தனியாக, காலையில் சீக்கிரம், முதலில் அந்தச் சின்னச் சுற்றை ஓட்டுங்கள். அதை முடித்து கை நடுங்காமல் இருந்தால் பெரியதற்குள் போகலாம்.

ஹோல் என்சிலாடா என்ற பாதை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 3,400 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து ஆற்றுமட்டம் வரை இறங்குவது. தொட்டபெட்டா உச்சியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் உயரத்துக்குச் சற்றுத்தான் குறைவு, அதுவும் பாறைப் படிகளின் மேல். அக்டோபரில் மேல்பகுதியில் பனி விழுந்து மூடிவிடவும் கூடும். முதல் பயணத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. போர்ட்டல் பாதையை எந்தப் பயணத்திலும் தொடாதீர்கள். விளிம்பிலிருந்து விழுந்து சைக்கிள்காரர்கள் இறந்த பாதை அது.

எஸ்டேட் பாதையில் பழகியது எவ்வளவு கைகொடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றத்துக்கு நன்றாகக் கைகொடுக்கும். வளைவுக்கும் கைகொடுக்கும், தேயிலைத் தோட்டத்தின் கொண்டை ஊசிகளில் திரும்பியவருக்கு அங்கே ஒரு வளைவும் புதிதில்லை. கைகொடுக்காத இடம் மணல். பாறைக்கும் பாறைக்கும் நடுவே திடீரென்று பத்தடி நீளத்துக்கு மாவு மாதிரி மணல் வரும். நம் ஊர்ச் சேற்றில் செய்வது போல பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதைந்து ஆள் முன்னால் போவார். மணலுக்கு முன்பே கியரை இறக்கிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, நேராகப் பார்த்து, சீராக மிதித்துக்கொண்டே வெளியே வந்துவிட வேண்டும். மணலுக்குள் வண்டியைத் திருப்ப முயலாதீர்கள்.

அடுத்தது பிரேக். இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைப் பிடி முன்சக்கரத்துக்கு, இடது கை பின்சக்கரத்துக்கு. அமெரிக்காவில் தலைகீழ். இடது கை அழுத்தினால் முன்சக்கரம் நிற்கும். முதல் பயணத்தில் இது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் ஒரு சின்ன இறக்கத்தில் பாம்பு மாதிரி ஏதோ குறுக்கே போக, பழக்கத்தில் இடது கையை இறுக்கினேன், கைப்பிடிக்கு மேலே பறந்தேன். மணிக்கட்டு வீங்கி இரண்டு நாள் சைக்கிளைத் தொட முடியவில்லை. தலைக்குத் தெரிவது வேறு, விரலுக்குத் தெரிவது வேறு. வாடகைக் கடையில் வண்டி எடுத்ததும், மூன்று பேரும் வெறும் கார் நிறுத்துமிடத்தில் இருபது நிமிடம் பிரேக் மட்டும் பிடித்துப் பழகுங்கள். ஒற்றை விரலால், மெதுவாக. முடிந்தால் இப்போதே இங்கே உங்கள் வண்டியில் பிடிகளை மாற்றிப் பூட்டச் சொல்லி மூன்று மாதம் ஓட்டுங்கள். கேபிள் பிரேக் என்றால் எந்தக் கடையிலும் அரை மணி வேலை.

தண்ணீர் விஷயத்தில் நம் மலைக்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள். இங்கே ஏறினால் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும், அதைப் பார்த்துக் குடிக்கிறோம். அங்கே வியர்வை வெளியே வரும்போதே காய்ந்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும், தொப்பிப் பட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் என்பது அந்தப் பாலைவனப் பூங்காக்கள் சொல்லும் அளவு. அரை நாள் ஓட்டத்துக்கு நான் இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் முதுகில் கட்டிக்கொள்வேன், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட்டும் சேர்த்து. வழியில் குழாய் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஸ்லிக்ராக் இருக்கும் பகுதியில் தண்ணீர் கிடையாது, டெட் ஹார்ஸ் பாயின்ட்டுக்குத் தண்ணீர் லாரியில்தான் மேலே வருகிறது. அந்த இடத்தின் பெயருக்கே ஒரு கதை சொல்வார்கள். அந்த முனையில் காட்டுக் குதிரைகளை அடைத்து, குறுகலான கழுத்துப் பகுதியைக் கிளையும் புதரும் போட்டு மறித்துவிட்டுப் போனார்களாம். கண்ணெதிரே ஆறு ஓட, கீழே இறங்க வழியில்லாமல் அவை தாகத்தில் செத்தனவாம். உண்மையோ கட்டுக்கதையோ, அங்கே நிற்கும்போது நம்பத்தான் தோன்றும். நீங்கள் போகும் அக்டோபர் நல்ல மாதம்தான். பகலில் 20 முதல் 25 டிகிரி, அதிகாலையில் 5 டிகிரி வரைக்கும் இறங்கலாம், அது உங்களுக்குப் பழக்கமான குளிர். ஜூலை என்றால் 38 டிகிரி, வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊரில் டயரைக் கிழிக்கும் முள்ளை ஆட்டுத்தலை என்று பெயர் வைத்துப் பெரிதாகப் பயமுறுத்துவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் நம் நெருஞ்சி முள்! மஞ்சள் பூ, நிலத்தோடு படர்ந்த கொடி, எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கொம்பு மேலே நிற்கும் காய், எல்லாம் அச்சு அசல் அதே செடி. இங்கிருந்து சமவெளிக்கு இறங்கி ஓட்டினால் குத்துகிறதே, அதேதான். கூடவே சப்பாத்திக்கள்ளியும் ஓரமெல்லாம் இருக்கும், அதற்குச் சொந்த ஊர் அந்தக் கண்டம்தான். ஆகவே வாடகை வண்டியில் டியூப்லெஸ் டயரும் உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவமும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாற்று டியூப், பம்பு, கள்ளிமுள் எடுக்கச் சின்ன இடுக்கி பையில் இருக்கட்டும். காற்று குறைவாக, 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை போதும், எடை குறைந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். பாறையில் டயர் படிந்து பிடிக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது இது. பாதைக்கு வெளியே சக்கரத்தையோ காலையோ வைக்காதீர்கள். பாறைக்கு நடுவே உள்ள மண்ணில் கறுப்பாக, கருகிய ரொட்டித் துணுக்குகளை ஒட்டிவைத்தது போல மேடும் பள்ளமுமாக ஒரு படலம் தெரியும். அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசி, லைக்கன், பாசிச்செடி எல்லாம் சேர்ந்து மண்துகள்களை நூல் கோத்தது போலப் பிடித்து வைத்திருக்கும் தோல். அதுதான் காற்றில் மண் பறக்காமல் காக்கிறது, காற்றின் நைட்ரஜனைச் செடிக்குக் கொடுக்கிறது. ஒரு முறை டயர் ஏறினால் நொறுங்கிவிடும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். என் தங்கை மகள் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய் பார்த்துவிட்டு, "மாமா, இது குட்டிக் காடு மாதிரி இருக்கு" என்றாள். நம் புல்வெளிச் சரிவில் யாரோ ஒருவர் குறுக்கே சைக்கிளை இறக்கிய தடம், இரண்டு மழையில் ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிரே ஆள் வரும்போது ஒதுங்குகிறேன் என்று மண்ணில் இறங்கிவிடுவோம், அங்கேதான் கவனம் வேண்டும். பாறையைப் பார்த்து அதன்மேல் நில்லுங்கள்.

இங்கே தயாராவது பற்றி. உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் கிழக்குச் சரிவு என்பதால் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், தேவாலா பக்கம் கொட்டும்போது நமக்கு ஓட்ட நாட்கள் கிடைக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பாலைவனம் போல வறண்ட இடம் வேண்டுமென்று கல்லட்டிக்குக் கீழே சீகூர், மசினகுடிப் பக்கம் எம்டிபியை எடுத்துக்கொண்டு போக நினைக்காதீர்கள். பார்வைக்கு அது நெருக்கமான நிலம்தான். ஆனால் அது புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த யானைக் காடு. சைக்கிள் சத்தமில்லாமல் போகும், யானைக்கு நாம் வருவது தெரியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் சட்டப்படி குற்றம். எஸ்டேட்டுக்குள்ளும் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே ஓட்டுங்கள். வளைவுகளில் மணி அடியுங்கள், தேயிலைக்குள் காட்டெருமை படுத்திருக்கும், எங்கள் பக்கம் கரடியும் உண்டு. மனைவிக்கு வாரம் இரண்டு நாள், எட்டு கிலோமீட்டர் மண் ரோடு போதும். பெடல்மேல் நின்றுகொண்டு, சீட்டில் உட்காராமல் இறங்குவதை மட்டும் அவர் பழகிவிட்டால் பச்சைப் பாதைகள் எல்லாம் அவருடையவை. மகனிடம் வேகத்தைக் கேட்காதீர்கள், நிறுத்துவதைக் கேளுங்கள். தரையில் ஒரு கோடு கிழித்து, இறக்கத்தில் வந்து சக்கரம் சறுக்காமல் அந்தக் கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது முறை நின்றால் நீலப் பாதைக்குத் தயார். அவன் ஓட்டுவதைப் பார்க்காமல் இதற்கு மேல் இங்கிருந்து நான் சொல்வது சரியாக இருக்காது.

மிச்சம் சில்லறை விஷயங்கள். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களில் சைக்கிளுக்கு ரோடு மட்டும்தான், நடைபாதைகளில் அனுமதி இல்லை. ஒயிட் ரிம் என்ற 160 கிலோமீட்டர் ஜீப் ரோட்டுக்குப் பகல் ஓட்டத்துக்கும் முன்அனுமதி வாங்க வேண்டும். கட்டணங்களை அந்தந்தப் பூங்காவின் தளத்தில் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருப்பவை. பயணக் காப்பீட்டில் மலை சைக்கிள் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல திட்டங்களில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். போன் சிக்னல் பல இடங்களில் வராது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அங்கே நல்ல வண்டி வாடகைக்குக் கிடைக்கும். தலைக்கவசம், கையுறை, பழகிய சீட் இந்த மூன்றை மட்டும் பெட்டியில் வையுங்கள். சிறுவர் அளவு வண்டி குறைவாகவே இருக்கும் என்பதால் மகனுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அவன் உயரமும் கால் நீளமும் எவ்வளவு என்று எழுதுங்கள், எந்த அளவு சக்கரம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.